முதலாளி படத்துக்குப் போட்ட மாலை

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எந்த இடத்துக்கு வழி கேட்டாலும் "தெரியாது" என்ற சொல் என் வாயில் வராது. கை தானாக நீண்டு ஏதோ ஒரு திசையைக் காட்டிவிடும். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வழிகாட்டி அனுப்பிய ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இன்னும் திரும்பி வரவில்லை என்று என் அக்கா திவ்யா சொல்லிக்கொண்டு திரிகிறாள். (பொய். திரும்பி வந்தார்கள். நானே பார்த்தேன். அதனால்தான் ஓடிவிட்டேன்.)

வியாதி முற்றிப்போன காலத்தில் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் ஆரம்பித்தேன். காலையில் ஒரு பார்க், மதியம் யாருக்கும் தெரியாத ஒரு சாப்பாட்டுக் கடை. இதுதான் கொள்கை. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை நான் மிதிக்காத புல் இல்லை, வழிக்காத இலை இல்லை என்று நினைப்பு. பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் முடி வளரும் எண்ணெய் விற்பவர்கள்.

அப்படிப்பட்ட என் கையில்தான் அக்காவின் கல்யாணத்தை ஒப்படைத்தார்கள்.

அக்கா காதலித்தது சரவணன் மாமாவை. ஈப்போக்காரர், வேலை போர்ட் கிள்ளானில். எங்கள் வீட்டில் சரி சொல்லியாகிவிட்டது. மாமாவின் அம்மா புஷ்பா ஆன்டிதான் அரை மனசாக இருந்தார். "ஏன்டா, ஈப்போவுல பொண்ணே இல்லையா?" என்பது அவருடைய நிலைப்பாடு. ஆன்டியும் அங்கிளும் கிளம்பி வருகிறார்கள், ஞாயிறு சாயங்காலம் கிள்ளானில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து தேதி குறிப்பது, அதற்கு முன் பகல் முழுக்க ஊரைச் சுற்றிப் பார்ப்பது என்று ஏற்பாடு. அன்றைக்கு மாமாவுக்கு ஷிஃப்ட். அப்பாவுக்கு முட்டி வலி. நான் கையைத் தூக்கினேன்.

"ஷாமு," என்றாள் அக்கா, அப்பாவின் மைவி காரின் சாவியைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே. "பார்க்கைக் காட்டு. தெரிஞ்ச கடையில சோறு வாங்கிக் குடு. வீட்டுக்குக் கூட்டிட்டு வா. உன் கண்டுபிடிப்பு எதுவும் வேணாம். அவங்க பயங்கரமா சகுனம் பாக்கறவங்க. ப்ளீஸ் லா."

"என்னை நம்புக்கா."

"அதான் பயமா இருக்கு."

சகுனம் என்றால் சாதாரணச் சகுனம் இல்லை. ஆன்டி காரில் ஏறும்போது எனக்குத் தும்மல் வந்தது. இறங்கினார், தண்ணீர் குடித்தார், மறுபடி ஏறினார். இரண்டாவது தும்மலை நான் விழுங்கினேன். அது இன்றுவரை உள்ளேதான் இருக்கிறது.

முதலில் கோலாலம்பூர் லேக் கார்டன். இருவரும் நடப்பதற்கென்றே ஈப்போவில் வாங்கிய புத்தம் புது வெள்ளைச் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் முன்னால் கையை வீசிக்கொண்டு, குறுக்குவழி தெரியும் என்று அழைத்துப் போனேன்.

"பாப்பா, இந்த மரத்த மூணாவது தடவ பாக்கறோம்" என்றார் ஆன்டி.

"அது வேற மரம், ஆன்டி."

"அப்ப அதுக்கடியில நான் வெச்சிட்டு வந்த தண்ணி போத்தல் எப்படி வந்துச்சு?"

அங்கிள் போத்தலை எடுத்துக்கொண்டு நடந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அசந்துபோகிற சாப்பாடு கிடைத்தாலொழிய பேசமாட்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பசியாறினோம். எனக்குத் தெரிந்ததிலேயே நல்ல தோசை. ஆன்டி ஒரு வாய் பிட்டுப் போட்டு, கண்ணை மூடி, ஒரு தீர்ப்பு சொன்னார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா தண்ணி சரியில்ல. எங்க ஈப்போ தண்ணிக்கு இதே மாவு எப்படி வந்திருக்கும் தெரியுமா?" காப்பி வந்தது. தண்ணி சரியில்லை. வடை வந்தது. அதிலும் தண்ணிதான் குற்றவாளி. ஈப்போக்காரர்களிடம் சாப்பாட்டுப் பேச்சு எடுத்தால் மலையிலிருந்து இறங்கி வரும் அந்தத் தண்ணியைத் தாண்டிப் போகவே முடியாது.

எனக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. இன்றைக்கு இந்த அம்மா வாயால் "ஈப்போவில்கூட இப்படிக் கிடைக்காது" என்று சொல்ல வைக்காவிட்டால் நான் கிள்ளான்காரியே இல்லை.

என்னிடம் ஒரு ரகசியத் துப்பு இருந்தது. கிள்ளானில் ஒரு தாமானில், அதாவது ஒரு குடியிருப்பில், ஒரு வீட்டின் முன்னால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடாரம் போட்டு வாழையிலைச் சாப்பாடு போடுகிறார்களாம். பலகை இல்லை, பெயர் இல்லை. என் பக்கத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். தாமான் பெயர் தெரியும். எந்த லோரோங், எந்தச் சந்து என்று தெரியாது. (எனக்குத் தெரியாத லோரோங்கா?)

இரண்டாவது திருப்பத்திலேயே கண்ணில் பட்டது. வீட்டு வாசலை அடைத்து நீலக் கூடாரம். வட்ட மேசைகள், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், இலை போட்டுச் சாப்பிடும் கூட்டம், இரண்டு பக்கமும் கார்கள்.

"பாத்தீங்களா ஆன்டி? கூகிளுக்கே தெரியாத கடை!"

உட்கார்ந்ததுமே இலை வந்தது. மெனு இல்லை, என்ன வேண்டும் என்ற கேள்வி இல்லை. பரிமாற வந்த அக்கா எங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார். "பார்க்கிலேர்ந்தா வரீங்க?"

"ஆமாக்கா, நேரா பார்க்கிலேர்ந்துதான் வரோம்" என்றேன் பெருமையாக.

அந்த அக்காவின் முகம் மாறிவிட்டது. "அம்மா, பார்க் ஆளுங்க வந்துட்டாங்க!" என்று வீட்டுக்குள் குரல் கொடுத்துவிட்டு, எங்களுக்கு மட்டும் இரண்டு அப்பளம் சேர்த்து வைத்தார். சேவை என்றால் இது.

சாப்பாடு சுத்த சைவம். அந்த ரசத்தைப் பற்றி நான் எழுதினால் பக்கம் போதாது. அங்கிள் நான்காவது தடவையாக உள்ளங்கையைக் குவித்து ரசம் வாங்கினார். காலையிலிருந்து பேசாத மனிதர், கூடாரத்துக்கே கேட்கும்படி அறிவித்தார்: "இனிமே அடிக்கடி வருவோம்! அடுத்த தடவ இன்னும் நிறைய பேரக் கூட்டிட்டு வரோம்!"

பக்கத்து மேசையில் ஒருவருக்குப் புரையேறியது.

மற்றவர்கள் ஏன் இவ்வளவு அமைதியாகச் சாப்பிடுகிறார்கள் என்று நான் யோசிக்கத்தான் செய்தேன். ருசியில் லயித்துவிட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தேன். போனை எடுத்து வீடியோ பிடித்தேன். திறந்திருந்த வாசல் வழியாக, ஹாலில் மாலை போட்ட ஒரு பெரியவரின் படமும் அதற்கு முன்னால் குத்துவிளக்கும் தெரிந்தன. நம் சாப்பாட்டுக் கடைகளில் கல்லாவுக்கு மேலே மூத்த முதலாளியின் படம் மாலையோடு தொங்குமே, நான் அதைத்தான் நினைத்தேன். படம் பின்னால் தெரிய நின்றுகொண்டு, கட்டை விரலைத் தூக்கி, "மக்களே! இந்த முதலாளி இருக்கிற வரைக்கும் கிள்ளான் சாப்பாட்ட யாராலயும் அசைக்க முடியாது!" என்றேன்.

யாரும் கைதட்டவில்லை.

பணம் கட்டலாம் என்று வீட்டுக்குள் போனேன். கல்லாவைக் காணோம். படத்துக்கு முன்னால் தரையில் ஒரு பெரிய தலைவாழை இலை. அதில் எங்களுக்குப் பரிமாறாத அயிட்டங்கள்: நண்டுப் பிரட்டல், அவித்த முட்டை, கச்சான் கடலை, பக்கத்தில் திறந்து வைத்த ஒரு போத்தல் ஸ்டவுட் பீர். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. எங்களை மட்டும் ஏமாற்றிவிட்டார்களே! ஓரமாக உட்கார்ந்திருந்த ஓர் அங்கிளிடம் கேட்டேன்.

"அங்கிள், பணம் கட்ட கியூஆர் எங்க இருக்கு? அப்புறம், இந்த ஸ்பெஷல் செட் எவ்வளவு? தாபாவ் பண்ணித் தருவீங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பொட்டலம் கட்டிக் கேட்கிறாளே என்ற அதிர்ச்சி அவருக்கு.

"பாப்பா," என்றார் மிகவும் பொறுமையாக, "அது செத்துப்போனவருக்கு."

அந்த நொடியில் எல்லாம் ஒன்றாக வந்து மோதியது. மாலை. விளக்கு. வெள்ளைச் சேலையில் உள்ளே போய் வந்த அம்மா (யூனிஃபார்ம் என்று நினைத்திருந்தேன்). பதினாறாம் நாள் காரியம். கல்யாணத் தேதி குறிக்க வந்த, தும்மலுக்கே இறங்கி ஏறும் சம்பந்தி அம்மாவை, தேதி குறிக்கிற அன்றைக்கே கருமாதிச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்து, அங்கிளை "இன்னும் நிறைய பேரக் கூட்டிட்டு வரோம்" என்று சொல்லவும் வைத்திருக்கிறேன்.

ஒரே வழி, யாருக்கும் தெரியாமல் கிளப்பிக்கொண்டு போவது. வெளியே ஓடினேன். தாமதம். வெள்ளைச் சேலை அம்மா எங்கள் மேசையில் புஷ்பா ஆன்டியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவரு உயிரோட இருக்கிறப்ப தினமும் பார்க்குல கூட நடக்கிற உங்களப் பத்திதான் பேச்சு. பார்க் ஆளுங்க, பார்க் ஆளுங்கன்னு. ஒருத்தரக்கூட நான் பாத்ததில்ல. இன்னிக்கு யாரும் வரமாட்டாங்களோன்னு காலையிலேர்ந்து வாசலையே பாத்துட்டு இருந்தேன். நடந்த சப்பாத்தோடயே வந்துட்டீங்களே."

ஆன்டி மெதுவாகத் தலையைத் திருப்பி ஹாலில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு இலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அக்காவின் கல்யாண மண்டபம் இடிந்து விழுவதை நான் கண்ணால் கண்டேன்.

அவர் திரும்பி அந்த அம்மாவின் கை மேல் தன் இன்னொரு கையை வைத்தார்.

"நல்ல மனுஷன்மா" என்றார். "மெதுவாத்தான் நடப்பாரு. ஆனா பேச்சு மட்டும் நிக்காது."

அந்த அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டார். "ஆமாம்மா! நிக்கவே நிக்காது! வீட்டுலயும் அப்படித்தான்!"

"ஒரே மரத்த மூணு தடவ சுத்துவோம்" என்றார் ஆன்டி. "அவரு பேச்சுல யாருக்கும் தெரியாது."

அங்கிள் கையில் ரசத்தோடு உறைந்துபோயிருந்தார். ஆன்டி அவர் முழங்காலில் ஓர் இடி கொடுத்தார். "ஆமா, ஆமா" என்றார் அங்கிள். "நல்ல... நடை."

கிளம்பும்போது என் வாய் பழக்கத்தில் "போயிட்டு வரோம்" என்று ஆரம்பித்தது. ஆன்டி என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் நீலமாக இருந்தது. இப்படி ஒரு வீட்டில் "வரோம்" என்று சொல்லக் கூடாது என்பதுகூடத் தெரியாத ஒருத்தி, ஊருக்கு வழிகாட்டியாம்.

காரைக் கிளப்பித் தெருமுனை வரை வந்தேன். பின் சீட்டிலிருந்து ஆன்டியின் குரல் வந்தது. "தலைக்குத் தண்ணி ஊத்தாம உங்க வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். இடம் பாரு."

"தெரியாது" என்று சொல்ல அருமையான சந்தர்ப்பம். சொல்லவில்லை. நேராக ஒரு கார் வாஷுக்குள் ஓட்டிப் போனேன். குழாய் பிடித்திருந்த பங்களாதேஷ் அண்ணனிடம் அரைகுறை மலாயில் விளக்கினேன். காருக்கு மட்டும் இல்லை பாஸ், எங்களுக்கும். அவர் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, தண்ணீரின் அழுத்தத்தைப் பட்டுப்போலக் குறைத்து, கண்ணை இறுக மூடி நின்ற ஆன்டியின் தலையில் பிடித்தார். அங்கிளுக்கும் ஆனது. எனக்கு மட்டும் ஆன்டியே குழாயை வாங்கிக்கொண்டார். அழுத்தத்தையும் கூட்டினார்.

சுட்டெரிக்கும் வெயிலில் மூன்று பேர் சொட்டச் சொட்ட எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதும் என் அம்மா வானத்தைப் பார்த்தார். அக்கா என்னைத்தான் பார்த்தாள். உடை மாற்றி எல்லாரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். காப்பி வந்தது. அப்பா மரியாதைக்குக் கேட்டார், "மத்தியானம் எங்க சாப்டீங்க?"

"கருமாதி வீட்டுல" என்றார் ஆன்டி.

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. நான் சோபாவுக்குள் புதைய இடம் தேடினேன்.

ஆன்டி காப்பியை ஆற்றி ஒரு மிடறு குடித்தார். வழக்கம்போல முகம் சுளித்தார். தண்ணி. பிறகு சொன்னார்: "ஆனா அந்த ரசம் இருக்கே... ஈப்போவுலகூட அப்படிக் கிடைக்காது. கல்யாணத்துக்குச் சமையல் அந்தக் கைதான். தேதியப் பாருங்க."

சமைத்தவரைத் தேடிப் போனபோதுதான் தெரிந்தது. என் துப்பில் இருந்த ஞாயிற்றுக்கிழமைக் கடை, இரண்டு லோரோங் தள்ளி. அன்றைக்கு லீவு. காரணம், அதை நடத்தும் அக்கா காரிய வீட்டில் சமைக்கப் போயிருந்தார். (ஆக, துப்பு சரிதான். முகவரிதான் கொஞ்சம் தப்பு.)

கல்யாணத்துக்கு அந்த வெள்ளைச் சேலை அம்மாவும், அன்றைக்கு எங்களுக்குப் பரிமாறிய மகளும் வந்தார்கள். ஆன்டி நேரில் போய் உண்மையைச் சொல்லி அழைத்திருந்தார். "எனக்கு மறுநாளே தெரியும்" என்றாராம் அந்த அம்மா. "நிஜ பார்க் ஆளுங்க மறுநாள்தான் வந்தாங்க. அவங்க யாரும் இவ்வளவு ரசம் குடிக்கல."

இன்றும் குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போனால் என்னைத்தான் முதலில் உள்ளே அனுப்புவார்கள். "போய் விசாரிச்சிட்டு வா" என்பார் சரவணன் மாமா, காரை அணைக்காமலே. போன மாதம் ஈப்போவில் ஒரு கடை. கல்லாவுக்கு மேலே மாலை போட்ட படம்.

"அண்ணே, இது யாரு?"

"எங்க தாத்தா. கடைய ஆரம்பிச்சவரு."

"இறந்து எவ்வளவு நாளாச்சு?"

"அது ஆச்சுமா, முப்பது வருஷம்."

"அப்பாடா, ரொம்ப சந்தோஷம்ணே" என்று சொல்லிவிட்டு, காரைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினேன்.

அந்தக் கடைக்கும் இனிமேல் போக முடியாது.