மலைப்பாம்பு கேட்ட ஓய்வு

ஒரு காட்டில் ராத்திரி பஸ் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. காட்டில் ஏது பஸ் என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மிருகங்கள் பேசும் என்றால் மட்டும் மறுபேச்சில்லாமல் கேட்கிறீர்கள் அல்லவா?

பஸ் முதலாளி செங்கோடன் ஒரு கீரி. டிரைவர்கள் இரண்டு பேர்: கரடி கருப்பண்ணன், மலைப்பாம்பு வடமலை. கீரிக்கும் பாம்புக்கும் ஜென்மப் பகைதான். ஆனால் குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைத்தால் எந்த முதலாளியும் பகையைத் தள்ளி வைப்பார். வடமலை ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டு, வால் நுனியால் பிரேக் மிதிக்கும். அருமையான டிரைவர். பாவம், ராத்திரியும் ஓட்டிப் பகலிலும் ஓட்டி, தூங்கியே பல நாளாகியிருந்தது. ஒரே ஒரு ராத்திரி சுருண்டு படுத்துத் தூங்க வேண்டும், அவ்வளவுதான் அதன் ஆசை.

அந்தச் சமயத்தில் சிங்கராஜா ஒரு சட்டம் போட்டார். இரவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் வண்டி ஓட்டக் கூடாது, அதன்பின் கட்டாய ஓய்வு. வடமலைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கால் எப்போதுமே இல்லை என்பது வேறு விஷயம்.

ஆய்வாளர் ஆமை வந்து பஸ்ஸில் ஒரு கருவியை மாட்டினார்.

"இந்தக் காட்டுல யார்கிட்டயும் கடிகாரம் இல்ல. அதனால இது டிரைவரோட கண்ணைப் பார்க்கும். கண் மூடினா எட்டு மணி நேரம் முடிஞ்சதுன்னு அர்த்தம், மணி அடிக்கும். மூடலைன்னா இன்னும் முடியலைன்னு அர்த்தம்."

முதலில் கரடி ஏறியது. பகலெல்லாம் குகையில் குறட்டை விட்டுவிட்டு வந்த கரடி. சீட்டில் உட்கார்ந்ததும் ஒரு தும்மல் போட்டது. தும்மும்போது யாருக்குத்தான் கண் மூடாது? மணி கணகணவென்று அடித்தது.

"ரொம்பக் களைச்சுட்டீங்க கருப்பண்ணன், போய்ப் படுங்க," என்றார் ஆமை.

"சட்டம்னா சட்டம்தானுங்களே," என்று கரடி இறங்கித் தேன் தேடப் போய்விட்டது.

அடுத்து வடமலை. பாம்புக்கு இமை கிடையாது. விடிந்தது, மறுபடி இருட்டியது, கருவி கம்மென்று இருந்தது.

"ஏனுங்க மொதலாளி, கண்ணு சொக்குதுங்க."

"எங்க, மூடிக் காட்டு பாக்கலாம்," என்றது கீரி.

"மூடறதுக்கு எனக்கு இமை இல்லீங்களே!"

"அப்பறமென்ன? தூங்கறதுக்கு வேண்டிய சாமானே உங்கிட்ட இல்ல. வண்டிய எடு கண்ணு."

வடமலை ஆமையிடம் முறையிட்டது. "ஐயா, நேத்து பூரா குறட்டை விட்டுக்கிட்டேதானுங்க ஓட்டினேன்!"

"கருவிக்குக் காது கிடையாது," என்ற ஆமை, வடமலைக்குக் 'கண்விழிப்புத் திலகம்' என்று ஒரு பட்டம் கொடுத்துவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று ராத்திரி பஸ் ஒரு முயல் கல்யாணக் கூட்டத்தோடு நேராக ஏரிக்குள் இறங்கியது. நல்லவேளை, கோடைக்காலம், ஏரியில் சேறுதான் அதிகம். முயல்கள் சேறும் சகதியுமாகக் கரையேறித் திட்டித் தீர்த்தன. வடமலையை மூன்று பேர் உலுக்கி எழுப்பினார்கள்.

ஆமை கருவியைப் பார்த்தார். "டிரைவர் கண் ஒரு தடவைகூட மூடலை. அப்போ தூக்கக் கலக்கத்துல ரோட்டுக்கு வந்தது ஏரிதான்!"

எல்லோரும் ஏரியைப் பார்த்தார்கள். அது ஆடாமல் அசையாமல் கிடந்தது.

"பாருங்க, அசந்து கிடக்குது. எத்தனை வருஷமா ராத்திரி பகலா வேலை பார்க்குதோ!" என்று ஆமை கண் கலங்கினார். அங்கேயே உத்தரவும் போட்டார்: ஏரிக்கு இன்று முதல் தினமும் இரவு ஓய்வு.

வடமலை மெல்ல ஊர்ந்து வந்தது. "ஐயா, அது பக்கத்துல ஓரமா நானும் படுத்துக்கட்டுங்களா?"

"தாராளமா வா," என்றார் ஆமை. "ஏரி தூங்கும்போது காவலுக்கு ஒரு ஆள் வேணும். கண் மூடாத ஆளா இருந்தா நல்லது."

அன்று முதல் வடமலைக்குப் பகலில் பஸ், இரவில் ஏரிக் காவல்.

நீதி: ஓய்வு எல்லோருக்கும் உரிமை. இமை மட்டும் அவரவர் கொண்டு வர வேண்டும்.