கம்ப்யூட்டர் சாமியும் வட்டச் சாவியும்

1987ஆம் ஆண்டின் அந்த வெள்ளிக்கிழமை, டன்லப் ஸ்திரீட் மாடியில் இருந்த எங்கள் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடு மேசையில் மாலையோடு கம்ப்யூட்டர். எதிரே மணைப்பலகையில் கம்ப்யூட்டர் சாமி. வலப்புறம் சட்டையைக் கழற்றிய முதலாளி தங்கராஜு. இடப்புறம் தேங்காய்த் தட்டோடு அவர் மனைவி ரத்தினம்மா. சன்னலோரம் எதிர்க்கடை டிராவல்ஸ் அப்துல் கையூம். படிக்கட்டு நெடுகப் பூக்கடை, மளிகைக்கடை, துணிக்கடைக்காரர்கள். அலமாரி அருகே கடிதக் குமாஸ்தாவான நான், மரியஅந்தோணி. வாசலுக்கு வெளியே முக்காலியில் டைப்பிஸ்ட் பிலோமினம்மாள். அவர் உள்ளே வரக்கூடாது என்பது சாமியின் உத்தரவு.

கம்ப்யூட்டரின் மதர்போர்டு புகைந்துபோக, ரிப்பேர்காரன் சோமு புதியது மாட்டினான். அன்றிலிருந்து இயந்திரத்தைப் போட்டால் திரையில் ஒரு வரி வரும், அப்படியே நின்றுவிடும்.

"போர்டு புதுசு சார். இது வேற பிரச்சின" என்று குரலைத் தாழ்த்திச் சொன்ன சோமு, சாமியின் முகவரி அட்டையைக் கொடுத்தான்.

சாமியின் புகழ் சாதாரணமானதல்ல. கேலாங் அச்சகத்தில் கைவைத்தாராம், எழுந்ததாம். சாங்கியில் பார்வை பட்டதும் ஓடியதாம். அத்தனை இடத்திலும் அதற்கு முன்பு சோமு வந்துபோயிருந்தான் என்பதை ஒருவரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

செவ்வாயன்றே வந்து சாமி நோயைக் கண்டுபிடித்துவிட்டார். "பழைய போர்டுக்குக் காரியம் பண்ணாம குப்பையில போட்டுட்டீங்க. ஆவி உள்ளயே சுத்துது. தெக்க பாத்து ஒக்காந்து தட்டுற பொண்ணு ராசியும் ஒத்துவரல. அனுப்பிடுங்க."

"திரையில என்னமோ எழுதியிருக்கே சாமி?" என்றார் ரத்தினம்மா.

"ஆவியோட பாஷைம்மா."

அது ஆங்கிலம். ஆவி சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்திருக்க வேண்டும்.

"சார், கீபோர்டு பூட்டியிருக்கு, திறங்கன்னுதான் எழுதியிருக்கு" என்றார் பிலோமினம்மாள்.

"நீ சும்மா இரும்மா. பூஜ முடிஞ்சதும் திங்கக்கிழமலேர்ந்து வரவேணாம்" என்றார் முதலாளி.

பிலோமினம்மாளின் கணவர் துறைமுகத்தில் கால் ஒடிந்து வீட்டில் கிடந்தார். இந்தச் சம்பளம் நின்றால் அடுப்பும் நிற்கும்.

வெள்ளிக்கிழமை. மணி அடித்தது. சாம்பிராணிப் புகையில் எல்லோரும் இருமினார்கள்; அது பக்திக் கணக்கில் சேர்ந்தது. சாமி கம்ப்யூட்டரின் மேல் மஞ்சள் துணியைப் போர்த்தி, உள்ளே கையை விட்டு, கண்ணை மூடி முணுமுணுத்தார். ஒரு கணம் முகம் சுளித்தது. பிறகு தெளிந்தது. துணியை எடுத்தார்.

"போடுங்க."

முதலாளி விசையைப் போட்டார். திரையில் அதே வரி.

சாமிக்கு வியர்த்தது. "பிடிவாதமான ஆவி. இன்னொரு தரம் பண்ணணும்."

"பண்ணுங்க சாமி. இந்தத் தரம் துணியில்லாம" என்றது வாசலில் ஒரு குரல். பிலோமினம்மாள் உள்ளே வந்துவிட்டார்.

"துணியில்லாம ஆவி போகாது."

"போகும் லா."

அவர் கையில் சின்ன வட்டச் சாவி. கம்ப்யூட்டரின் முகப்பில் இருந்த பூட்டில் போட்டுத் திருப்பி, மறுபடி விசையைப் போட்டார். இயந்திரம் சமர்த்தாக எழுந்தது. இன்னொரு முறை திருப்பிப் போட்டார். ஆவி வந்தது. திருப்பினார். போய்விட்டது.

"பேய் வேணுமா வேணாமா, சொல்லுங்க சார். எப்படி வேணாலும் செஞ்சு தரேன்."

"சாவி ஏதும்மா?" என்றார் முதலாளி.

"எங்கிட்ட வாங்குனது" என்றார் அப்துல் கையூம். "எம்மெஷினும் இதே மாடல்தான். எல்லாத்துக்கும் ஒரே சாவி. காலையிலயே திறந்துட்டாங்க, ஓடிச்சி. நானும் அந்தோணியும் பாத்தோம்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா சாமி வர்ற நேரம் நல்ல நேரம்னு சொல்லியிருப்பீங்க" என்றார் பிலோமினம்மாள். "அதான் அவரையே வேலய பாக்கவிட்டேன். திறந்து கெடந்தத அவரு பூட்டிட்டாரு."

ரத்தினம்மா சாமியின் மூடிய கையைப் பிடித்து விரித்தார். விபூதிக்கு நடுவே அதே வட்டச் சாவி. போர்டை மாட்டியதும் பூட்டிச் சாவியோடு போவது சோமு. துணிக்குள் திறப்பது சாமி. சாவி ஒரு பக்கம் திரும்ப மறுத்தபோதாவது மனிதர் யோசித்திருக்கலாம். அந்தத் தொழிலில் யோசிக்கும் பழக்கம் இரு தரப்புக்கும் கிடையாது.

சாமி படியிறங்கிய வேகத்தில் பூக்கடைக்காரர் இருவர் சரிந்தார்கள்.

"உள்ள வாம்மா, ஒன் எடத்துல ஒக்காரு" என்றார் முதலாளி, சட்டையைத் தேடிக்கொண்டே.

"தெக்க பாத்தா, வடக்க பாத்தா சார்?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "அந்தோணி, பிடோக்ல மச்சான் வேலாயுதத்துக்கும் சோமுதான் போர்டு மாத்துனான். சாமிய நாந்தான் சிபாரிசு பண்ணேன். அடுத்த வெள்ளி பூஜையாம். போன்ல சொல்ல வெக்கமா இருக்கு. ஒரு லெட்டர் போட்டுடுங்க."

எழுதினேன்:

"அன்புள்ள திரு. வேலாயுதம் அவர்களுக்கு, இத்துடன் ஒரு சாவி உள்ளது. உங்கள் கம்ப்யூட்டரின் முகப்புப் பூட்டில் போட்டு ஒருமுறை திருப்பவும். பிறகு திரையில் எழுதியிருப்பதைப் படிக்கவும். அது உங்களுக்குத் தெரிந்த மொழிதான். அதற்குப் பின்னும் சாமி தேவை என்று தோன்றினால், பழுது கம்ப்யூட்டரில் இல்லை."

சாமியின் சாவியை விபூதி துடைத்து உறைக்குள் போட்டேன். பிலோமினம்மாள் தன் நாற்காலியில், தெற்கு பார்த்தபடியே உட்கார்ந்து, முகவரியைத் தாளில் அடித்து, உறையை மூடி அதன்மேல் ஒட்டித் தந்தார். தபால்தலையை நான் ஒட்டினேன். சிராங்கூன் ரோட்டுத் தபால்பெட்டிக்குள் அது 'ணங்' என்று விழுந்தது.