பெண்வீட்டுக் காருக்கு ஊற்றிய எண்ணெய்

படித்தவர்களிடம் எனக்குப் பொறாமையான விஷயம் ஒன்றே ஒன்றுதான். "எனக்குத் தெரியாதுங்க" என்று அவர்களால் காலாட்டிக்கொண்டே சொல்ல முடிகிறது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவனுக்கு அந்த வசதி கிடையாது. தெரியாது என்று சொன்னால், அதான் படிக்கலையே என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். அந்தப் பயத்தில்தான் ஒரு கல்யாணத்தைக் கெடுத்தேன். (அடுத்தவன் கல்யாணம் இல்லை. என்னுடையது.)

செல்போனில் இன்கமிங் இலவசமான புதிது. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். ஓடுகிற மெஷின் மேல் ஸ்க்ரூட்ரைவரை வைத்து, அதன் பிடியில் காதை வைத்தால் எந்தப் பக்கம் ஊசி வளைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பெருமாநல்லூரில் ஆறு மெஷின் வைத்திருந்த சின்னச்சாமி என்பவர், மெஷின் தெரிந்த மாப்பிள்ளையாகத் தேடிக்கொண்டிருந்தார். போய்ப் பெண் பார்த்தோம். எனக்குப் பிடித்திருந்தது. அவர்கள் மட்டும் பதில் சொல்லவில்லை. காங்கேயத்தில் டிப்ளமோ படித்த பையன் ஒருவனும் வரிசையில் இருப்பதாகத் தரகர் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது வாரம் சின்னச்சாமியே போன் செய்தார். ஊட்டியில் ஓர் எஸ்டேட்டிலிருந்து பழைய வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கி வந்திருக்கிறாராம். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சத்தம் வருகிறதாம். உள்ளூர் மெக்கானிக்குகள் பவர் ஸ்டீயரிங் என்றதும் கும்பிட்டுவிட்டார்களாம். "நீங்க காது வச்சே கண்டுபுடிப்பீங்கன்னு சொன்னாங்க. ஞாயித்துக்கெழமை அம்மாளையும் கூட்டிக்கிட்டு வாங்க தம்பி" என்றார். நான் அதுவரை பவர் ஸ்டீயரிங்கைக் கண்ணால் பார்த்தது கிடையாது. கம்பெனி வேன் ஓட்டியதோடு சரி. "வந்தர்றனுங்க" என்றேன்.

கார் என்னைவிட மூத்தது. நீல நிறம். வாசலில் ஆரம்பித்து மாட்டுக் கொட்டகை வரை நீண்டிருந்தது. இஞ்சினைப் போட்டு ஸ்டீயரிங்கை ஒடித்தேன். ஈனப்போகிற எருமை மாதிரி ஒரு முனகல். பெல்ட்டாக இருக்குமோ, பம்பாக இருக்குமோ, பேரிங்காக இருந்தால் இந்த ஜென்மத்தில் பாகம் கிடைக்குமோ? வீடே திரண்டு நின்று பார்க்க, பம்ப் மேல் ஸ்க்ரூட்ரைவரை வைத்துக் காதைக் கொடுத்தேன். உள்ளே காற்று குமுறுகிற சத்தம். எண்ணெய்க் குடுவையின் மூடியைத் திருகிப் பார்த்தால், அடியில் கொஞ்சம் நுரை, அவ்வளவுதான். எண்ணெய் இல்லை, அதனால் பம்ப் காற்றை இழுக்கிறது, அதனால் முனகுகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், இதுவரைக்கும் நான் சொன்னது சரி.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் கடை இல்லை. எனக்குத் தெரிந்த உசத்தியான எண்ணெய் அவர் மெஷின் ரூமிலேயே இருந்தது. தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும், துணியில் பட்டாலும் துவைத்தால் போய்விடும் நிட்டிங் ஆயில். கேனோடு கொண்டுவந்து ஊற்றினேன். அப்போது காபி டம்ளரோடு வந்த பெண், என்னிடம் முதன்முதலாகப் பேசினாள்.

"ஏனுங்க, மொதல்ல இருந்த எண்ணெய் எங்கீங்க போச்சு?"

"ஓடற மெஷினு எண்ணெயக் குடிக்கத்தானுங்க செய்யும்" என்றேன்.

அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஏனென்றால் எங்கள் தொழிலில் அப்படித்தான். நிட்டிங் மெஷினில் சொட்டுச் சொட்டாக இறங்குகிற எண்ணெய் துணியோடு துணியாகப் போய்விடும். ஷிப்டுக்கு ஷிப்டு ஊற்றிக்கொண்டே இருப்போம். எங்கே போச்சு என்று ஒருவரும் கேட்கமாட்டோம். பெட்டிக்கடைக்குப் போகக்கூட நாலு விதமாகப் பயப்படுகிற நான், அன்றைக்குப் பயந்திருக்க வேண்டிய ஒரே விஷயத்துக்குப் பயப்படவில்லை.

முனகல் நின்றது. ஸ்டீயரிங் ஒற்றை விரலில் சுற்றியது. சின்னச்சாமிக்கு முகமெல்லாம் பல். "அட, எல்லாரும் ஏறுங்க. கோயலுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்லாம். நீங்களே ஓட்டுங்க தம்பி" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் பெண், அவள் அம்மா, என் அம்மா, மூன்று பட்டுச்சேலைகள். நான் மாப்பிள்ளையாக வாழ்ந்தது மொத்தம் அரை மைல்.

மூன்றாவது வளைவில் எருமை திரும்ப வந்தது. பானட் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. "ஏஞ்சாமி, பொகையுதே" என்றாள் என் அம்மா. அந்த நேரம் பார்த்து ரோடு இடது பக்கம் திரும்பியது. ஸ்டீயரிங் திரும்பவில்லை. ஆட்டுக்கல்லைக் கட்டிப்பிடித்துத் திருப்புவது போல முக்கினேன். கார் பாட்டுக்கு நேராகப் போய், ஒரு வேஸ்ட் குடோன் முன்னால் குவித்திருந்த பனியன் வெட்டுத்துணி மலைக்குள் மெதுவாக நுழைந்து நின்றது.

மெத்தையில் விழுந்தது போலத்தான் இருந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் எண்ணெய், சூடு, துணிக்கழிவு மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று திருப்பூரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் "தீ, தீ" என்று அலறிவிட்டேன். (தீ இல்லை. தீ வரலாம் என்பதற்கே அலறினேன்.) குடோன் ஆட்கள் ஓடிவந்து வாளி வாளியாக ஊற்றினார்கள். காருக்கு ஊற்றியது கொஞ்சம், இறங்கி ஓடியவர்கள் மேல் ஊற்றியது மிச்சம். பெண்ணின் அம்மா பட்டுச்சேலை சொட்டச் சொட்ட நின்றார். சின்னச்சாமி பானட்டைத் திறக்கப் போய், அவர் வெள்ளைச் சட்டையெல்லாம் எண்ணெய். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன்.

"தொவச்சாப் போயிருமுங்க."

அவர் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். எங்கள் ஊர்க்காரர்கள் திட்டமாட்டார்கள். "அதுக்கென்னுங்க தம்பி. பாத்துப் போங்க, பஸ்ஸு வர்ற நேரம்தானுங்க" என்றார். பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையைப் பிழிந்துகொண்டே வந்தாள்.

நாலு நாள் கழித்து அவரே போன் செய்தார். கோயம்புத்தூரிலிருந்து வந்த மெக்கானிக், அடியில் ரப்பர் குழாய் கிழிந்திருப்பதைக் காட்டினாராம். ஊற்றியதெல்லாம் அது வழியாகக் கொதிக்கிற சைலன்சர் குழாய் மேல் கொட்டியிருக்கிறது.

"பவர் ஸ்டீயரிங்கு எண்ணெய் குடிக்கவே குடிக்காதாமுங்க தம்பி. கொறஞ்சா எங்கியோ ஒழுகுதுன்னு அர்த்தமாமுங்க. மெக்கானிக்கு சொன்னாரு." போனை வைக்கப் போனவர், "உங்களுக்கும் பிரயோசனப்படுமேன்னு சொன்னேனுங்க" என்றார். கல்யாணத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆவணியில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை டிப்ளமோ.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் நான் பெண் பார்க்கப் போன ஊருக்கெல்லாம் எனக்கு முன்னாலேயே அந்தக் கார் போய்ச் சேர்ந்திருந்தது. ஓரிடத்தில் பெண்ணின் சித்தப்பா விவரம் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பெண் தரவில்லை. இனி நமக்குக் கல்யாணம் இல்லை என்று நான் தீர்மானித்துவிட்ட பிறகு, மடத்துக்குளத்தில் ஓர் இடம் வந்தது. விவசாயக் குடும்பம். அங்கே எப்படியும் தெரிந்திருக்காது என்ற நம்பிக்கையில் செருப்பைக் கழற்றினேன். பெண்ணின் அப்பா கைகூப்பிக்கொண்டே எதிரே வந்தார்.

"எங்கூட்ல காரு இல்லீங்க. நீங்க தைரியமா உள்ள வாங்க."

என் மனைவி சரஸ்வதி அந்த வீட்டுப் பெண்தான். ஏன் சரி என்று சொன்னாய் என்று கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தைரியம் வந்து கேட்டேன். என் பொறுமை, தொழில், குணம் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன்.

"இப்படி ஒரு ஆளு நெசமாலுமே இருக்கறாங்களான்னு பாக்கோணும்னு இருந்துச்சுங்க" என்றாள்.