காலியான தொட்டியும் என் ஐந்தெழுத்தும்

உத்தமபாளையம்,
வெள்ளிக்கிழமை தொடங்கி செவ்வாய்க்கிழமை வரை.

கடமலைக்குண்டில் இருக்கும் மதிப்புக்குரிய மச்சான் பொன்னுராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கை ராக்கம்மாளைக் கட்டிய ஒச்சாண்டி, யாரிடமும் பேனாவைக் கொடுக்காமல் தன் கையாலேயே எழுதிக்கொள்வது. இங்கே நானும் ராக்கம்மாளும் இரண்டு ஆடுகளும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் வலது முழங்காலும் சுகமாக இருக்கச் சுருளி வேலப்பர் துணை செய்வாராக. இந்த நாலு வரிக்கு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அவசரம் ஒன்றும் இல்லை. அறுபத்தேழு வருடம் எழுதாமல் இருந்தவன், ஐந்து நாள் உட்கார்ந்து எழுதினால் குறைந்துவிட மாட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் உங்கள் மகள் கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில் சாட்சிக்கு என்னை நிறுத்தினீர்கள். நான் பெருவிரலை நீட்டினேன். நீங்கள் மைப்பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, சம்பந்தி வீட்டார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "நல்லா அமுக்குங்க, எங்க மாப்ள படிச்ச படிப்பு பூராவும் அந்த வெரல்லதான் இருக்கு" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் மை காய்வதற்குள் நிறுத்திவிட்டேன். வெளியே வந்ததும் இன்னொன்று சொன்னீர்கள். "மாப்ள, ஒன் கையால எழுதுன கடுதாசி ஒண்ணு எனக்கு வரட்டும், கடமலைக்குண்டு பஸ் ஸ்டாண்டுல நின்னு சத்தமா வாசிக்கிறேன்." மச்சான், முப்பத்தாறு வருடம் தபால்காரராக இருந்து ஊர் உலகத்துக் கடிதங்களை எல்லாம் கொண்டு சேர்த்தவர் நீங்கள். இதோ, உங்களுக்கே ஒன்று வந்திருக்கிறது. முழங்கால் வலித்தால் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம். சத்தத்தில் மட்டும் குறை வைக்க வேண்டாம்.

தேவாரம் ரோட்டில் நத்தர்ஷா முதலாளியின் திராட்சைக் கோல்டு ஸ்டோரேஜில் நான் டீசல் டேங்க்கைப் பார்த்துக்கொள்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓட வேண்டும், ஜெனரேட்டர் ஓட டீசல் வேண்டும், டீசல் எவ்வளவு கிடக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். தரைக்கு மேலே சிமெண்ட் மேடையில் எருமை மாதிரிப் படுத்திருக்கிற இரும்பு டேங்க், ஐயாயிரம் லிட்டர் பிடிக்கும். பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு மூன்று தடவை ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, அளவுக்கம்பை உள்ளே விட்டு, ஈரம் எதுவரை இருக்கிறது என்று பார்த்துச் சொல்லி வந்தேன். மழையில் ஏணி வழுக்கும், வெயிலில் சுடும். கம்பில் கோடு மட்டும்தான், எழுத்து இல்லை, அதனால் பிழைப்பு ஓடியது.

போன தை மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, டேங்க்குக்குள் சென்சார் மாட்டப் போவதாகவும், அது உள்ளேயே அளந்து வெளியே நம்பர் காட்டும் என்றும், இனிமேல் ஏணி ஏற வேண்டாம் என்றும் சொன்னார். எனக்கு ஏணியைப் பிரிவதில் ஒரு வருத்தமும் இல்லை, அந்த ஏணிக்கும் இருந்திருக்காது. பிறகு அவர் தலையைச் சொறிந்துகொண்டு மிச்சத்தைச் சொன்னார். "டேங்க்ல யாரு என்ன வேலை பாத்தாலும் மொதல்ல பொறுப்பாளு ஒரு பாரத்தை வாசிச்சுக் கையெழுத்துப் போடணுமாம், ஒச்சாண்டி. கைநாட்டு செல்லாதாம். நீ கேட்டுக்குப் போயிரு, இங்கன வேற ஆளைப் போட்டுக்கிறேன்." அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் கேட்டில் என்ன வேலை? லாரி வந்தால் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். பதினோரு வருடம் எருமையைப் பார்த்தவனைத் தொழுவக் கதவைப் பிடித்துக்கொண்டு நில் என்கிற மாதிரி. சென்சார் வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். ஆறு மாதம் என்றார். அதற்குள் வாசித்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

யுவராணி டீச்சர் சாயங்காலம் நடத்தும் பெரியவர்கள் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அ ஆ எல்லாம் ஆடு மாடு மாதிரி, இரண்டு நாள் பழகினால் பின்னாலேயே வந்துவிடும். சண்டைக்கு வந்தது சின்ன ல-வும் பெரிய ள-வும்தான். மேல்பல் முன்னால் இரண்டும் விழுந்ததில் இருந்து என் வாயில் இரண்டுக்கும் ஒரே சத்தம். பல்லி என்றாலும் பள்ளி என்றுதான் வரும். "வாய் எப்படிச் சொன்னாலும் பரவாயில்லை தாத்தா, கை சரியாக எழுத வேண்டும். வாயைக் கேட்டுக்கொண்டு எழுதாதீர்கள்" என்று டீச்சர் தினமும் சொல்வார். என் பெயரை எழுதின அன்றைக்கு எண்ணிப் பார்த்தேன். ஒ, ச், சா, ண், டி. ஐந்து. சிவனுக்கும் ஐந்தெழுத்து, எனக்கும் ஐந்தெழுத்து. இதை ராக்கம்மாளிடம் சொன்னதற்கு, சிவன் ஆட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுத்தான் எழுதப் போவார் என்றாள். உங்கள் தங்கை.

போன மாதம் பதினெட்டாம் தேதி மதுரைக் கம்பெனியில் இருந்து இனியன் என்கிற தம்பி சென்சாரோடு வந்தார். முந்தின நாளே டீசலை ஓட்டித் தீர்த்து டேங்க்கைக் காலி செய்து வைத்திருந்தோம். பத்தொன்பதாம் தேதி காலை முதல் மாலை வரை கரண்ட் இருக்காது என்று அறிவிப்பு வேறு. அறை அறையாகப் பன்னீர் திராட்சை. சாயங்காலத்துக்குள் சென்சாரை மாட்டி, லாரி வந்து டீசலை ஊற்றியாக வேண்டும். இனியன் தம்பி முதலில் டேங்க்கில் இருந்து மண்ணுக்கு ஒரு ஒயரை மாட்டினார், பொறி பறக்காமல் இருக்க. பிறகு பாரத்தை என் கையில் கொடுத்து, "வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்கய்யா, அப்பறம்தான் வேலை" என்றார். நான் கண்ணாடியைத் துடைப்பதற்குள், சென்சார் மாட்ட இருந்த வாயின் மூடி துருப்பிடித்துத் திரும்பவில்லை என்று தெரிந்தது. டேங்க் பக்கத்தில் செல்போன் பேசக் கூடாது என்பதால் அவர் தன் ஆபீசுக்குப் போன் போட கேட்டுக்கு வெளியே போனார்.

அந்த இடைவெளியில்தான் மச்சான், நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் மூளை வேலை செய்தது. முதலாளி மணியைப் பார்த்துவிட்டு, "காலி டேங்க்தான, புதுசா ஒரு ஓட்டை போட்டா என்ன?" என்றார். கூரையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வெல்டர் மதன்குமார், கேஸ் கட்டரோடு இறங்கி வந்துவிட்டான். அதே நேரம் பேக்கிங் பெண்களுக்கு மேஸ்திரியான மொக்கம்மாள், புதுச் சாமான் மாட்டும்போது பூசை போடாமல் எப்படி என்று தேங்காய், எலுமிச்சை, சூடம் வைத்த தட்டை ஏணிக்கு அடியில் கொண்டுவந்து வைத்தாள். ஒரு பக்கம் கட்டர், ஒரு பக்கம் தீப்பெட்டி. நடுவில் நான், பாரத்தோடு. என் கையெழுத்துக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். பிறந்ததில் இருந்து என் கையெழுத்துக்காக ஒருவரும் காத்திருந்ததில்லை, அதனால் நான் முழுசாக வாசிக்காமல் போடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

"பெருசு, போடுறதப் போடு. நீ வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள திராட்சை பூரா வைனாயிரும்" என்றான் மதன்குமார்.

"வாசிக்கட்டும் விடுய்யா, அவுக ஆறு மாசமா பள்ளிக்கூடம் போயிருக்காக" என்றாள் மொக்கம்மாள்.

மொத்தம் பதினோரு வரி. நாலாவது வரியில் மதன்குமார் தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆறாவது வரியில் முதலாளி மூன்று தடவை மணி பார்த்தார். ஏழாவது வரிக்கு வந்தேன். பெரிய எழுத்தில் இருந்தது, அதனால் பெரிய சத்தத்தில் வாசித்தேன். "காலியான தொட்டி, நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது." சத்தியமாகச் சின்ன ல-வைப் பார்த்துத்தான் வாசித்தேன். ஆனால் என் வாயில் இருந்து அது எப்படி வெளியே போனது என்பது உங்களுக்கே தெரியும். மொக்கம்மாள் கையில் இருந்த தீப்பெட்டி கீழே விழுந்தது.

"ஆத்தா, காளியா? டேங்குக்குள்ளயா?"

நான் அடுத்த வரியில் விரலை வைத்திருந்தேன், எனக்கு அவள் பேச்சு காதில் விழவில்லை. "உள்ளே ஆவி இருக்கும்" என்று வாசித்தேன்.

அவ்வளவுதான். மதன்குமார் எழுந்து, சிலிண்டர் வால்வை மூடி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, டேங்க்குக்கு முதுகைக் காட்டாமல் சுற்றுச்சுவர் வரைக்கும் பின்பக்கமாகவே நடந்தான். மொக்கம்மாள் தட்டைத் தூக்கிக்கொண்டு அவனுக்கு முன்னால் போய்விட்டாள். முதலாளியும் நாலு எட்டு பின்னால் போனார். அவர் சாமி வேறு என்றாலும் ஆபத்தானது என்கிற சொல் எல்லாருக்கும் பொதுதானே. டேங்க் பக்கத்தில் நான் மட்டும் நின்றுகொண்டு, "தீ, வெல்டிங், கட்டிங் கூடவே கூடாது" என்று வாசித்து முடித்தேன்.

திரும்பி வந்த இனியன் தம்பிக்கு, கட்டரையும் மொக்கம்மாள் கையில் இருந்த சூடத்தையும் பார்த்ததும் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஆவியை மோப்பம் பிடிக்கிற, கைக்கு அடக்கமான ஒரு மீட்டரை எடுத்து, அளவுக்கம்பு விடும் துவாரத்தில் பிடித்தார். அது கோழியை அமுக்கின மாதிரிக் கத்தியது. நிறைந்த டேங்க்கில் ஆவிக்கு இடம் இல்லை, காலி டேங்க் முழுவதும் அதற்குத்தான் இடம் என்று விளக்கினார். டீசல் பெட்ரோல் மாதிரிச் சட்டென்று பற்றாது என்று நினைப்பார்கள், ஆனால் கட்டர் சூடு பட்டால் அடியில் கிடக்கும் கசடெல்லாம் ஆவியாகி, ஒரு பொறிக்கு வெடித்துவிடும் என்றார். ஓட்டை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று முதலாளி மெதுவாகக் கேட்டார்.

"நம்மளத் தேவாரத்துல போயிப் பொறுக்கியிருப்பாக பாய்" என்றார் இனியன் தம்பி.

பிறகு மதன்குமார் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தே கேட்டான். "இன்னும் வாசிக்க வேண்டியது ஏதாச்சும் இருக்காங்கய்யா?" பெருசு ஐயாவாகிவிட்டார், கவனிக்கவும். மிச்சம் இருந்ததையும் வாசித்தேன். ஒருவரும் மணி பார்க்கவில்லை.

கடைசி வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். ஐந்தெழுத்தும் நிறுத்தி நிதானமாக. பிறகு துரு இளக எண்ணெய் விட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, இரும்பில் இரும்பு பட்டால் பொறி வரும் என்பதால் பித்தளை ஸ்பேனர் போட்டு நானும் இனியன் தம்பியும் திருப்ப, மூடி முனகிக்கொண்டே கழன்றது. ஓட்டையும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம், இருந்த வாயிலேயே சென்சார் கம்பியை அடியில் முட்டாமல் இறக்கி, வாஷர் வைத்து இறுக்கி, ஒயரைக் குழாய் வழியாகக் கொண்டுவந்தோம். லாரி வந்து டீசலை மெதுவாக இறக்கியது. சுவரில் இருந்த பெட்டியில் நம்பர் ஏற ஆரம்பித்து நாலாயிரத்து நூறில் நின்றது. நான் கடைசியாக ஒரு தடவை ஏணியில் ஏறிக் கம்பை விட்டுப் பார்த்தேன். கம்பும் அதையே சொன்னது. மொக்கம்மாள் சூடத்தைக் கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் கொளுத்தித் தேங்காயை உடைத்தாள்.

மறுநாள் எட்டு மணி நேரம் கரண்ட் இல்லை. ஒரு திராட்சைகூட வாடவில்லை. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து நம்பர் குறையக் குறைய வாசித்துக்கொண்டே இருந்தேன், முதலாளி போதும் என்று கையெடுத்துக் கும்பிடும் வரை. எல்லாரையும் வைத்துக்கொண்டு அவர் சொன்னார். "இந்த டேங்கு ஒச்சாண்டிக்குத்தான். கேட்டுக்கு வேற ஆளைப் பாருங்க." அதோடு, அந்த ஏழாவது வரியைச் சுற்றுச்சுவரில் எழுத வேண்டும் என்றும், பெயிண்டருக்கு நானே ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். மச்சான், நான் எழுதிக் கொடுத்ததை எழுத்து மாறாமல் ஒன்றரை அடி உயரச் சிவப்பில் எழுதியிருக்கிறார்கள். தேவாரம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக என் எழுத்தை வாசித்துக்கொண்டு போகிறார்கள். நீங்கள் அத்தனை வருடம் கொண்டு போன கடிதங்களில் இவ்வளவு பெரிய எழுத்து ஒன்று உண்டா?

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசி, அவர்கள் கல்யாணப் பதிவில் இருக்கும் பெருவிரல் ரேகை இப்போது எழுதப் படிக்கத் தெரிந்தவருடையது என்று சொல்லவும். வைகையில் தண்ணீரும் உங்கள் முழங்காலில் வலுவும் குறையாதிருக்கட்டும். வாக்குத் தவறாதவர் என்று பெயர் எடுத்த நீங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று வாசிக்கும் நாளை எழுதினால், நானும் ராக்கம்மாளும் பஸ் ஏறி வந்து கேட்போம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
ஒச்சாண்டி
(கையொப்பம்)

பின்குறிப்பு: இதற்குக் கீழே உள்ளதை மட்டும் பஸ் ஸ்டாண்டில் வாசிக்க வேண்டாம், மனதுக்குள் வாசித்துக்கொள்ளவும். இன்று காலை யுவராணி டீச்சர் என் சுவர் எழுத்தைப் பார்க்க வந்தார். பார்த்துவிட்டு வெகுநேரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சீட்டு எழுதும்போது நான் சொல்லிக்கொண்டே எழுதியிருக்கிறேன் போல. வாயைக் கேட்டுக் கை எழுதிவிட்டது. "காளியான தொட்டி, நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது" என்று பெரிய ள-வில் நிற்கிறது. ஒரு வாரமாகப் பேக்கிங் பெண்கள் சுற்றுச்சுவரில் எலுமிச்சை மாலை போடுவது ஏன் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. திருத்திவிடலாம் என்று முதலாளியிடம் ஓடினேன். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இத்தனை வருடம் எத்தனை போர்டு வைத்தும் அந்தச் சுவருக்குப் பின்னால் பீடி பிடிக்கிறவர்களை நிறுத்த முடியவில்லை, இந்த ஒரு வாரமாக ஒருவனும் அந்தப் பக்கம் செருப்போடுகூட வருவதில்லையாம். விளக்கு ஏற்றலாமா என்று மொக்கம்மாள் கேட்டாள். இந்தக் காளிக்கு நெருப்பு ஆகாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.