வெளியே ரெண்டு இன்ச்

நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே சொல்கிறேன். கை நாறினால் பரவாயில்லை, விஷயம் நாறக் கூடாது.

என் வீட்டுக்காரர் எட்மண்ட் என்னைவிட ஒரு இன்ச் குட்டை. இது எங்கள் ரெண்டு பேருக்கும் மாதாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைப்பு. அண்ணனூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவருக்குக்கூடத் தெரியும். ஹீல்ஸ் ஷூ இல்லாமல் மனுஷர் தெருமுனைக்குப் போனதில்லை.

அந்தக் காலில்தான் அம்பத்தூர் கம்பெனியில் இரும்புத் துண்டு விழுந்தது. கட்டுப் பிரித்த அன்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். "தட்டையான மெத்து செருப்புதான் போடணும். ஹீல்ஸ் போட்டா எலும்பு மறுபடி விலகும். அப்புறம் லேத்து மிஷின்ல நிக்க முடியாது, வேலைய மறந்துட வேண்டியதுதான்."

எனக்கு அவர் வேலையைப் பற்றிக் கவலை. அவருக்கு வேறு கவலை. பத்து நாளில் தங்கச்சி ஞானகுமாரிக்குக் கல்யாணம். மாமனார் இல்லை. இவர்தான் பொண்ணைக் கைப்பிடித்துப் பீடம் வரைக்கும் கூட்டிப்போகணும்.

"டாக்டர் சொன்ன மெத்து செருப்பு, அந்த எம்.சி.ஆர். ரப்பர் செருப்பே வாங்கிக்கலாங்க."

"இன்னாமே பேசுறே? கோட்டு சூட்டு மாட்டிக்கினு ரப்பர் செருப்புல போறதா?"

"காலு போச்சுன்னா?"

"காலு போனா கட்டு போடலாம். கெத்து போனா இன்னா போடுவே?"

ஆவடி பஜாரில் ஒரு கடை விடவில்லை. ஸ்டைலாக இருந்ததெல்லாம் கடித்தது. கடிக்காதது கேன்வாஸ். "பள்ளிக்கூடத்துக்கா போறேன்?" என்று தள்ளிவிட்டார். கடைசியில் எனக்குத் தெரியாமல் ஒரு திட்டம் போட்டார். ஸ்டேஷன் ஓரம் செருப்புத் தைக்கிற வேம்புலியிடம் ரெண்டு இன்ச் ஹீல்ஸ் வைத்த ஷூவுக்கு அளவு கொடுத்துவிட்டார்.

மறுநாள் இடுப்பில் குழந்தையோடு என் செருப்பு வார் தைக்கப் போனேன். வேம்புலியே சொல்லிவிட்டார். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டேன்.

"அண்ணே, வெளியே ரெண்டு இன்ச் தெரியட்டும். உள்ளே குடைஞ்சு, ரப்பர் மெத்தை வெச்சு, காலு தட்டையா உக்கார்ற மாதிரி பண்ணிடுங்களேன்."

வேம்புலி ஊசியைக் கீழே வைத்தார். "உன் ஊட்டுக்காரருக்குப் பதிலா நீ கம்பெனிக்குப் போம்மா!"

ஷூ வந்தது. பளபளவென்று. மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் என்னைப் பக்கத்தில் நிறுத்தினார்.

"நேரா நில்லு. ஒசரம் பாக்கணும்."

புடவைக்குள்ளே முட்டியை மடக்கினேன். யாருக்குத் தெரியும்?

"பாத்தியா! இன்னா ஒசரம்! வலி? கடுகளவும் இல்ல. டாக்டருக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க."

கல்யாணம் முழுக்க மடக்கியே நின்றேன். போட்டோவில் நான் பஸ் சீட்டில் உட்காரப் போகிறவள் மாதிரி இருக்கிறேன். அவர் கொடிமரம். திங்கட்கிழமை லேத்துக்கும் போய்விட்டார். வேலை பிழைத்தது.

அதோடு விட்டாரா? கேண்டீனில் பிரசங்கம். "ஒடிஞ்ச காலுக்கு ஹீல்ஸ்தான் மருந்து!" கூட வேலை செய்கிற பால்ராஜ் அண்ணனுக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. அவர் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நிஜமான ஹீல்ஸே வாங்கிப் போட்டுவிட்டார்.

இதோ, வாசலில் சத்தம். பால்ராஜ் சம்சாரம் பேபியக்கா.

"யோவ் எட்மண்டு! உன் பேச்ச கேட்டு எங்க ஊட்டுக்காரரு கட்டில்ல கீறாரு! காலு பூசணிக்கா மாதிரி வீங்கிப்போச்சு!"

"எனக்கு நல்லாத்தானே கீது? வேணும்னா என் ஷூவ எட்த்துக்கினு போயி போட்டுப் பாக்கச் சொல்லு!"

"குடு!"

கழற்றியே கொடுத்துவிட்டார், பாவி மனுஷர். பேபியக்கா கத்தரிக்காயைக்கூட நாலு பக்கம் அமுக்கிப் பார்க்காமல் வாங்காது.

"இன்னாய்யா இது, உள்ள ஒரே பள்ளமா கீது?"

அவரும் உள்ளே கை விட்டுத் துழாவியிருக்க வேண்டும். பிறகு அவர் குரல்.

"சகாயமேரி! இங்க வாமே!"

எலி குடைந்தது என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் குடைந்த எலி மெத்தையும் போட்டு, பசை தடவி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறதே, அதற்கு நான் இன்னா சொல்ல?