ஆளுக்குப் பாதி

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு மூன்றாம் நம்பரின் கைப்பையில் இருந்தவை இரண்டே மாத்திரைகள். கேட்டு நின்றவர்கள் மூன்று பேர்.

குடிநீர்ப் புகார்ப் பிரிவில் யாருக்கும் பெயர் கிடையாது. "வணக்கம், மூணாம் நம்பர் பேசறேன்" என்றுதான் அழைப்பை எடுக்க வேண்டும். சொல்லிச் சொல்லி, சாப்பாட்டு அறையிலும் அதுவே நிலைத்துவிட்டது.

"ராத்திரி பூரா கண்ணே மூடல அக்கா. எனக்கு முழுசா ஒண்ணு வேணும்" என்றாள் இரண்டாம் நம்பர். தனக்கும் அப்படித்தான் என்றான் நான்காம் நம்பர். யார் எவ்வளவு திட்டினாலும் குரல் உயராத ஆறடி மனிதன் அவன். அவனுக்குப் பின்னால் மேற்பார்வையாளர் ஒரு கோப்பைப் புரட்டிக்கொண்டு, ஏதோ வேறு வேலையாக வந்தவர் போல நின்றார்.

மூன்றாம் நம்பர் பிளேடை எடுத்தாள். ஆளுக்குப் பாதி கொடுத்தாள். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்வதாகச் சொல்லி, மூவரும் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனார்கள். அவளுக்கு மிஞ்சியது ஒரு பாதி.

கணவர் இறந்தபோது, ஒரு மாதத்துக்கு, இரவில் பாதி என்றுதான் டாக்டர் எழுதியிருந்தார். வருஷம் ஒன்று ஓடிவிட்டது. இப்போது காலையில் ஒன்று, மதியம் ஒன்று, நடுவில் மனசு படபடத்தால் இன்னொன்று. அதை அவள் பழக்கம் என்று நினைத்ததில்லை. அது, வெயிலுக்குத் திரையை இழுத்துவிடுவது போல ஒரு சின்ன ஏற்பாடு.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், ஒரு பெரியவர் தன் தெருவில் குழாய் வெடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் தூங்கிப்போனாள். பெரியவர் இருபது நிமிஷம் பேசிவிட்டு, மறுபடி அழைத்து, புகார்ப் பிரிவின் மேலேயே புகார் கொடுத்தார். அதை எடுத்தது இரண்டாம் நம்பர். யாரும் மூன்றாம் நம்பரிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை இரண்டாம் நம்பர்தான் முதல்முதலாக வந்து, "தூக்கத்துக்கு உங்ககிட்ட ஏதோ இருக்காமே" என்றாள்.

அதற்கு முன் ஆறு வருஷம் அவள் ஜன்னலோரம் தனியாகச் சாப்பிட்டவள். அன்று அவளருகே ஒரு நாற்காலி இழுபட்டது. அடுத்த வாரம் இன்னொன்று. தன்னைத் தேடி ஒருவர் வருவது எப்படி இருக்கும் என்பதையே அவள் மறந்துபோயிருந்தாள். அவளுடைய தொலைபேசிகூட முன்போல அடிப்பதில்லை. ஊரில் குழாய்கள் திருந்திவிட்டன என்று நினைத்துக்கொண்டாள்.

மாத்திரை தீர்ந்தால் நாற்காலிகள் திரும்பிப் போய்விடும். அந்தப் பயத்தில்தான் அவள் இரண்டாவது டாக்டரைப் பிடித்தாள். தூக்கமே வராத ஒரு மாமியாரை உண்டாக்கினாள். அட்டைகள் இரட்டித்தன. அவள் பை கனத்த நாளில் கேட்பவர்களும் இரண்டு தடவை வந்தார்கள்.

புதன் மாலை மருந்துக்கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாமியாரை ஒரு தடவை கூட்டிட்டு வாங்களேன்மா. ஒரு வார்த்தை பேசிடறேன்."

இல்லாத மாமியாரை எங்கிருந்து கூட்டி வருவது? வேறு வழியின்றி, அங்கேயே நின்று, போன வாரம் அவர் காலமாகிவிட்டதாகச் சொன்னாள்.

"அடடா" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப மிச்சம் இருக்கற மாத்திரையைக் கொண்டுவந்து குடுத்துடுங்கம்மா. வீட்ல வெச்சுக்கக்கூடாது."

அவள் தலையாட்டினாள். தெருவுக்கு வந்ததும் அழுகை வந்தது. கணவர் போனபோது வராத அழுகை, பிறக்கவே பிறக்காத ஒரு மாமியாருக்காக நில்லாமல் வந்தது.

அலமாரியில் ஒளித்துவைத்திருந்த கடைசி அட்டையைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். அலுவலகத்துக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை வாங்கினாள். அதே வெள்ளை, அதே அளவு. பிளேடால் வெட்டியபோது மட்டும் கோணலாக உடைந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டாம் நம்பர் வந்து, "அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினேன் அக்கா. இன்னிக்கு ரெண்டா குடுங்க" என்றாள். மேற்பார்வையாளரும் தனக்குத் தலை லேசாக இருப்பதாக ஒப்புக்கொண்டார். வெறும் சுண்ணாம்பில் தூங்குகிற இந்த மனிதர்களைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

"அளவோட வெச்சுக்கங்கப்பா" என்றாள் நான்காம் நம்பரிடம். "இதெல்லாம் பழகிடுச்சுன்னா விடறது கஷ்டம்."

அவன் தன் பங்கைக் காகிதத்தில் மடித்தான். "சரிக்கா" என்றான். "நீங்களும்."

செவ்வாய்க்கிழமை அவளுடைய அட்டை காலியானது. மதியத்துக்குள் விரல்கள் நடுங்கத் தொடங்கின. வெட்கத்தை விட்டு, பழையதில் ஒரு பாதி மிச்சம் இருக்குமா என்று மூவரிடமும் கேட்டாள். யாரிடமும் இல்லை. இரண்டாம் நம்பர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விடச் சற்று நேரமாயிற்று.

முகம் கழுவப் போனாள். தாழ்வாரத்தில், தரை துடைக்கிற அம்மா துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"இந்த அதிசயத்தைப் பாருங்கம்மா" என்று வாளியைக் காட்டினார். "முன்னெல்லாம் தண்ணி பட்டதும் கரைஞ்சுடும். இப்ப அஞ்சு நாளா கல்லு மாதிரி கெடக்குது."

அழுக்குத் தண்ணீரின் அடியில் வெள்ளையாக ஆறு பாதிகள். கோணலாக உடைந்த ஓரங்கள்.

"யாரு போட்டது?"

"உங்க ரூம்ல ரெண்டாம் நம்பரும் நாலாம் நம்பரும், மேற்பார்வை சாரும்தான். மூணு மாசமா தினமும் கொண்டாந்து போடறாங்க."

"ஏன்?"

அந்த அம்மா துணியை உதறினார்.

"யாருன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறாங்கம்மா. கூட வேலை செய்யற ஒருத்தங்க இதை அளவுக்கு மீறி முழுங்கறாங்களாம். தினமும் போய்க் கேட்டு வாங்கிட்டா, அவங்க கையில அத்தனையாவது குறையுமாம்."