படம் ஒரு வழி, பெயர் ஒரு வழி

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நானும் மகளும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்கால் முன்போல மடங்குகிறதா, உங்களைக் கவனித்துக்கொள்ள வந்திருக்கும் உங்கள் தங்கை உங்களை நிம்மதியாக இருக்க விடுகிறாளா என்று அறிய ஆவல். நேற்றைய நீச்சல் போட்டியைப் பற்றிப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியில் உங்கள் தங்கை பிடுங்கிக்கொள்வாள். பதமாகச் சொல்ல வேண்டிய செய்தி என்பதால் எழுதுகிறேன். உங்கள் மருமகள் கடைசியாக வந்தாள்.

எனக்குக் கிடைத்த இருக்கையிலிருந்து பாதிக் குளமும் முழுத் தூணும் தெரிந்தன. சரி, மேலே தொங்கும் பெரிய திரையைப் பார்ப்போம் என்று நிமிர்ந்தால் அதில் ஒரு வேடிக்கை. ஊதல் ஒலித்து, பிள்ளைகள் தண்ணீரில் விழுந்த சத்தமும் கேட்டுவிட்டது. திரையில் மட்டும் இன்னும் குனிந்தபடியே நிற்கிறார்கள். சற்றுப் பொறுத்துத்தான் குதித்தார்கள். எனக்கு மண்டை குடைய ஆரம்பித்துவிட்டது. மகளின் முறை வர நேரமிருந்ததால் எழுந்து நடந்தேன். நடைபாதைத் திரையிலும் அதே தாமதம். சிற்றுண்டிக் கடையில் அதே படம், பக்கத்தில் தேநீர் விலை. கழிப்பறை வாசலில் அதே படம், பக்கத்தில் நீந்துகிறவர்களின் பெயரும் நேரமும். இத்தனையும் எந்தக் கம்பி வழியாக வருகிறது என்று சுவரைத் தடவிக்கொண்டே போனவனை, தோளில் கேபிள் சுருளோடு வந்த ஒரு பெண் நிறுத்தி என்ன தேடுகிறீர்கள் என்றாள். சொன்னேன். அவளை இதுவரை யாருமே இப்படிக் கேட்டதில்லை போலும். முகம் மலர்ந்து தன் அறைக்கே கூட்டிப்போனாள்.

"கேமராவிலேர்ந்து படம் ஒரு வழியா வருது சார். பேரு, நேரம், கடை விலையெல்லாம் வேற வழியா வருது. ரெண்டையும் இங்க ஒண்ணாச் சேர்த்து அரங்கம் முழுக்க அனுப்புறோம். ஒவ்வொரு திரைக்குப் பின்னாடியும் ஒரு பெட்டி இருக்கு. அது தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கும்."

"அப்போ அந்தத் தாமதம்?"

"சேர்க்கிறதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகுமில்ல?"

புரிந்துவிட்டது மச்சான். படம் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறது; பெயர்கள் இன்னும் பூட்டைத் தேடிக்கொண்டிருக்கின்றன.

அப்போதுதான் அந்த அறைத் திரையின் பட்டியலில் நம் பிள்ளையின் பெயரைப் பார்த்தேன். கடைசி எழுத்தை யாரோ விழுங்கியிருந்தார்கள். விடுவேனா? விசைப்பலகை முன்னால் இருந்தவரிடம் சொல்ல, அவர் முணுமுணுத்துக்கொண்டே திருத்தினார். திருத்தி முடிக்கவும் ஊதல் ஒலிக்கவும் சரியாக இருந்ததால், அங்கேயே நின்று திரையில் பார்த்தேன்.

நீச்சலில் ஒரு தொல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரித் தொப்பி, ஒரே மாதிரிக் கண்ணாடி. பெற்றவனுக்கே அடையாளம் தெரியாது. நல்லவேளையாகப் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு நேரே நீந்திய பிள்ளை பாதி தூரம் ஈடுகொடுத்தாள், அப்புறம் கை ஓய்ந்துவிட்டது. பக்கத்துத் தடத்துப் பெண்ணோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறாள். யார் பெற்ற மீனோ என்று வயிறெரிந்தேன், மறைப்பானேன். நம் பிள்ளை கடைசியாகச் சுவரைத் தொட்டாள். அந்த நேரம் பார்த்து மேலதிகாரி வந்து, இந்த ஆளை யார் உள்ளே விட்டது என்று கேட்டு என்னை வெளியே அனுப்பினார்.

வாசலில் வெகுநேரம் காத்திருந்த பிறகு மகள் ஓடி வந்தாள். "அப்பா, நான்..." என்றாள்.

"ஒண்ணும் சொல்லாத கண்ணு. எல்லாத்தையும் பார்த்துட்டேன்."

பேருந்தில் அவள் மனத்தைத் திருப்பவேண்டி, படமும் பெயரும் சேரும் கதையை விலாவாரியாகச் சொன்னேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் நான் அந்தப் பெட்டிகளுக்குத் தாவினேன். என் தோளிலேயே தூங்கிப்போனாள். தூக்கத்திலும் சிரிப்பு. தோல்வியை இப்படித் தாங்கும் பக்குவம் எங்கள் வம்சத்தில் கிடையாது. உங்கள் பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

உங்கள் தங்கையிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லவும். நீங்கள் வாங்கித் தந்த நீச்சல் கண்ணாடியில் எந்தக் குறையும் இல்லை. உங்கள் ஊன்றுகோல் சீக்கிரம் பரண் ஏற வேண்டும் என்று விரும்பும்,

தங்கள் தங்கை கணவன்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மகள் பல் துலக்கிக்கொண்டே வந்து எட்டிப் படித்தாள். கழுத்தில், நேற்று முழுக்கப் பைக்குள் கிடந்த பதக்கம். பெயரைத் திருத்தியபோது பட்டியல் முழுவதும் ஒரு தடம் நழுவிவிட்டதாம். முடிவு அறிவித்தபோதுதான் தெரிந்து, அரங்கமே சிரித்ததாம். நான் வயிறெரிந்த மீன் இவள்தான். "நேத்துலேர்ந்து சொல்ல வரேன். நீ வாயைத் திறக்க விட்டாத்தானே" என்கிறாள். ஆகவே மேலே உள்ள எதையும் நம்பாமல், முதலிடம் என்று மட்டும் உங்கள் தங்கையிடம் சொல்லவும். எனக்கு இப்போது ஒரே ஒரு சந்தேகம்: கடைசியாக வந்த அந்தப் பெண்ணின் அப்பா, திரையில் யாரைப் பார்த்துக் கைதட்டியிருப்பார்?